இரணைதீவில் தோண்டப்படாத குழிகள்: இறந்தோர் பற்றிய சட்டம் வன்னிக்கு வந்து சேரும் வழி

2021 மார்ச் 2 ஆம் திகதி, அமைச்சரவை முடிவுகளை அறிவிக்கும் ஊடகச் சந்திப்பில் ஒரு தீவின் பெயர் சொல்லப்பட்டது. பத்து மாதமாகக் கட்டாயமாக எரிக்கப்பட்டுவந்த, கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை இனி இரணைதீவில் அடக்கம் செய்யலாம் என்றது அரசு. வன்னியின் கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேச செயலர் பிரிவு, கரையிலிருந்து படகில் போக வேண்டிய இடம். கொழும்பில் வரைபடத்தைப் பார்த்தவருக்கு அது ஆளரவமற்ற தீவாகத் தெரிந்திருக்கக்கூடும்.

அங்கே ஆட்கள் இருந்தார்கள். 1992 இல் போரால் துரத்தப்பட்டு எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு காத்திருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் அவர்கள். 2017 மே 1 இல் போராட்டப் பந்தல் போட்டார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கேட்டும் பதில் வராதபோது, 2018 ஏப்ரல் 23 இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். கடற்படை இருந்த மண்ணில் கால் வைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. வாடி போட்டு, கிணறு இறைத்து, கடலட்டையும் மீனும் பிடித்துத் திரும்பவும் ஊராகிக்கொண்டிருந்த இடத்தைத்தான் நாட்டின் இடுகாடாக அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்த மறுநாளே இரணைமாதா நகரில் மக்கள் திரண்டார்கள். முஸ்லிம் தலைவர்களும் அந்த இடத்தை ஏற்கவில்லை. இறந்தவரை அடக்கும் உரிமைக்காக மாதக்கணக்கில் கத்தியவர்களுக்கு, உறவுகள் ஒரு பாத்திஹா ஓதப் போகவும் கடலைக் கடக்க வேண்டிய இடத்தைக் காட்டியது என்ன நீதி? மார்ச் 5 இல் முதல் ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கப்பட்டன. இரணைதீவுக்கு ஒரு உடலும் போகவில்லை.

இரண்டு சிறுபான்மைச் சமூகங்களை மோதவிடப் பார்த்தார்கள், மோதவில்லை என்று இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படும். அது சரியான வாசிப்புத்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நினைவு இன்னும் ஆறாத பகுதியில், அந்த மோதல் நடக்காமல் போனது சிறிய காரியமுமல்ல. ஆனால் இந்த ஆய்வு கேட்பது வேறொன்று. ஒரு தீவின் பெயர் எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது? எந்தச் சட்டத்திலும் இல்லை. அது எப்படி முடிந்தது என்பதைப் பின்தொடர்ந்தால், இந்த நாட்டில் செத்தவரைப் பற்றிய சட்டம் எங்கே பிறந்து, யார் கையால் ஊருக்குள் இறங்குகிறது என்பது தெரியவரும்.

1897 இலிருந்து இறங்கும் படிகள்

மேல்படியில் இருப்பது 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க, நோய்த்தடுப்புக்காப்பு மற்றும் நோய்கள் தடுப்புக் கட்டளைச் சட்டம். கொள்ளைநோய் கப்பலில் வந்த காலத்துச் சட்டம். அது எல்லாவற்றையும் தானே சொல்வதில்லை. ஒழுங்குவிதிகள் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த அதிகாரத்தின் கீழ் வந்தவைதான் 1925 ஆகஸ்ட் 28 ஆம் திகதி வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள். தொற்றுநோயால் இறந்தவரைப் புதைக்கவும் எரிக்கவும் அவை இடம் கொடுத்தன.

2020 ஏப்ரல் 11 இல், 2170/8 இலக்க அதிவிசேட வர்த்தமானி அந்த 1925 விதிகளுக்குள் 61அ என்று ஒன்றைச் செருகியது. கொரோனாவால் இறந்தவரின் உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஆகக் குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்கப்பட வேண்டும். எரிக்கும் பணியிலுள்ளவர்களைத் தவிர வேறெவரிடமும் உடலைக் கொடுக்கக் கூடாது. உறவினர் கேட்டால் சாம்பலைக் கொடுக்கலாம். சுகாதார அமைச்சர் ஒப்பமிட, அச்சகம் அச்சிட, அன்றே அது சட்டம். நாடாளுமன்றம் அப்போது கலைக்கப்பட்டிருந்தது. கூடியிருந்தாலும் முன்கூட்டி அதன் முன் வர வேண்டியதில்லை.

இதே விடயம் சட்டமூலமாக வந்திருந்தால் பாதை நீளம். முதலில் வர்த்தமானியில் வெளியாகி நாட்கள் போக வேண்டும். பிறகு நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏற வேண்டும். ஏறியபின் உள்ள குறுகிய தவணைக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அரசியலமைப்புக்கு முரண் என்று வாதாடலாம். நிறைவேறி சபாநாயகர் சான்றுரைத்தபின் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளும். ஒழுங்குவிதிக்கு அந்த முன்வாசலே இல்லை. வந்தபிறகு அடிப்படை உரிமை மனுவோடு ஓட வேண்டியதுதான். ஓடினார்கள். 2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், விசாரணைக்கே எடுக்காமல் மனுக்களைத் தள்ளிவிட்டது. அதே மாதத்தில் 20 நாள் குழந்தை ஒன்றின் உடல் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. கொழும்பு, பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

61அ முஸ்லிம்களை மட்டும் தொட்டதாக நினைப்பது தவறு. வன்னியின் சைவக் குடும்பங்களுக்கு எரிப்பது பழக்கந்தான். ஆனால் ஊர்ச் சுடலையில் விறகுச் சிதையில் எரிப்பதுதான் பழக்கம். மேற்பார்வையோடு, அளந்த வெப்பத்தில், அளந்த நேரம் என்றால் மின் மயானம் வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சாவு நடந்தால் உடல் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக் கோம்பயன்மணலுக்கோ போக வேண்டும். கொள்ளி வைக்கும் மகன் தனிமைப்படுத்தலில் இருப்பான். வாய்க்கரிசி இல்லை, பறை இல்லை, வாசலில் பந்தலுமில்லை. கத்தோலிக்கக் கிராமங்களில் சேமக்காலையில் தாய் தகப்பனுக்கு அருகே ஒதுக்கி வைத்த இடம் சும்மா கிடந்தது. ஒப்பாரி வைக்க வீட்டில் உடலே இல்லாத செத்தவீடு வன்னிக்குப் புதிதல்ல. அது பற்றிப் பிறகு.

தீர்ப்பு அசைக்காததை அரசியல் அசைத்தது. 2021 பெப்ரவரியில் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார். பெப்ரவரி 25 இல் திருத்திய வர்த்தமானி வந்தது: எரிக்கலாம், அல்லது அடக்கலாம். அடக்குவது சுகாதாரச் சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் பணிப்புரைக்கு அமைய, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் நடக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் இரணைதீவு ஒளிந்திருந்தது. கட்டளைச் சட்டம் அதிகாரத்தை ஒழுங்குவிதிக்குக் கொடுத்தது, ஒழுங்குவிதி பணிப்புரைக்குக் கொடுத்தது, பணிப்புரை இடத்தைச் சொன்னது. ஒவ்வொரு படியிலும் வாசகம் சட்டப்படி சரி. ஆனால் யாருடைய காணி, யாருடைய குடிதண்ணீர், யாருடைய தொழிற்கடல் என்ற கேள்விகள் எல்லாம் கடைசிப் படியில்தான் எழுகின்றன. அந்தப் படியிலோ விவாதமும் இல்லை, ஆட்சேபம் சொல்லத் தவணையும் இல்லை.

கேட்டிருக்க வேண்டியவர்கள்

1987 இன் 13 ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த ஒன்பதாம் அட்டவணையைப் பலர் காணி, பொலிஸ் என்ற இரண்டு சொற்களுக்காக மட்டும் புரட்டுவார்கள். அதன் மாகாண நிரலில் புதைத்தல், புதைகாடு, எரித்தல், எரிகாடு என்பனவும் இருக்கின்றன. ஒரு விலக்கு மட்டும்: நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நினைவு மயானம் என்று அறிவிக்கப்பட்டவை மாகாணத்துக்கு இல்லை. விசுவமடுவிலும் கனகபுரத்திலும் முழங்காவிலிலும் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களின் உடைந்த கற்களைக் குவித்து வைத்து ஒவ்வொரு நவம்பர் 27 இலும் விளக்கேற்றுகிறவர்களுக்கு, எந்தக் கல்லறை தேசியத்துக்கு உரியது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை அந்த ஒற்றை விலக்கே சொல்லிவிடும்.

ஆக, வன்னியின் மயானங்களைப் பற்றி நியதிச் சட்டம் இயற்ற வேண்டியது வட மாகாண சபை. சபை நிறைவேற்ற வேண்டும், ஆளுநர் இசைய வேண்டும். இசையாவிட்டால் திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். 2013 செப்டெம்பர் தேர்தலில் பிறந்த முதல் சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அதன்பின் தேர்தலே இல்லை. இரணைதீவு அறிவிக்கப்பட்ட நாளில், மாகாண நிரலில் உள்ள விடயத்தைப் பற்றி வாய்திறக்க ஒரு மாகாண உறுப்பினர்கூட இருக்கவில்லை. அந்த ஐந்து வருடத்திலும் சபை பல நூறு தீர்மானங்களை நிறைவேற்றியது. சட்டமாகப் பெற்றது சொற்பம். வடக்கின் அரசியல் தீர்மானத்துக்குக் கொடுத்த மரியாதையை நியதிச் சட்டத்துக்குக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். தீர்மானம் பத்திரிகையில் வரும். நியதிச் சட்டந்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

அதற்குக் கீழே பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மயானங்களைப் பராமரிக்கவும் உபவிதி செய்யவும் சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. உபவிதியைச் சபை நிறைவேற்றியபின் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் வந்தால்தான் உயிர். தாமாக எழுதச் சட்ட அறிவு போதாத சபைகளுக்காக 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் மாதிரி உபவிதி என்றொரு குறுக்குவழியை வைத்திருக்கிறது: தயாராக உள்ள வாசகத்தைச் சபை தீர்மானம் மூலம் ஏற்றுக்கொண்டால் போதும். இவற்றுக்குப் பின்புலமாக மயானங்கள், அடக்கங்கள் பற்றிய 1899 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னமும் கிடக்கிறது.

செத்தவீட்டுக்காரருக்கு இந்தச் சட்டங்களின் பெயர் ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவர் காண்பது கிராம அலுவலரை, பிறப்பு இறப்புப் பதிவாளரை, சாவு சந்தேகமானால் திடீர் மரண விசாரணை அதிகாரியை. மற்றதெல்லாம் மரண சகாய சங்கம் பார்த்துக்கொள்ளும். கதிரை, கொட்டகை, தேத்தண்ணி, கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு. பெட்டியும் வாகனமும் மலர்ச்சாலையிலிருந்து வரும்.

மலர்ச்சாலை நடத்துபவருக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் ஏதும் இலங்கையில் இல்லை. உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண், பொதுவான நுகர்வோர் சட்டம் என்பவற்றுக்குள்தான் அந்தத் தொழில் நடக்கிறது. அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே மாநிலச் சட்டசபைகள்தான் ஈமத்தொழிலை ஆள்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் உரிமச் சபை, தேர்வு, பதனிடுபவருக்குத் தகுதிச்சான்று. அதற்கு மேல் 1984 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியின்படி, கேட்டவருக்குப் பொருள்வாரியாக விலைப்பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியலை நான் வன்னிக்கும் விரும்புவேன். அழுதுகொண்டு நிற்பவன் பேரம் பேசமாட்டான் என்பது எல்லா ஊருக்கும் பொது. உரிமச் சபைகளை மட்டும் யோசித்துத்தான் கேட்பேன். லூசியானா மாநிலத்தில் மடத்துத் துறவிகள் மரப்பெட்டி செய்து விற்றதை, உரிமம் பெற்ற ஈமக்காரர் மட்டுமே விற்கலாம் என்று மாநிலச் சபை தடுத்தது. 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் துறவிகள் பக்கம் நின்று, அந்தத் தடை தொழிற்காரரின் வருமானத்தைக் காப்பதைத் தவிர வேறெதற்கும் உதவவில்லை என்று கண்டது. ஊர்த்தச்சர் பெட்டி அடிக்கும் கிராமங்களுக்கு அத்தகைய சட்டம் வந்தால் முதலில் அடிபடுவது அவர்தான்.

நீராவியடியில் நடந்தது

இரணைதீவுக்கு ஒன்றரை வருடம் முன்பு முல்லைத்தீவு மாவட்டத்தில் இன்னொரு உடல் வந்தது. பழைய செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில் அமைக்கப்பட்ட விகாரையின் பிக்கு, தெற்கில் சிகிச்சை பெற்றிருந்தபோது இறந்தார். அவரது உடலைக் கோவிலருகே எரிக்க ஏற்பாடு நடந்தது. கோவில் தரப்பு நீதிமன்றம் போனது. 2019 செப்டெம்பர் 23 இல் முல்லைத்தீவு நீதிமன்றம், கோவில் வளவில் எரிக்க வேண்டாம், வேறிடத்தில் செய்யுங்கள் என்று கட்டளையிட்டது. அன்றே, பொலிசார் நிற்க, தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் உடல் எரிக்கப்பட்டது. எதிர்த்த சட்டத்தரணியும் தாக்கப்பட்டார். மறுநாள் முல்லைத்தீவில் சட்டத்தரணிகளும் மக்களும் ஊர்வலம் போனார்கள்.

இங்கே குறை சட்டத்தில் இல்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, இரு தரப்பையும் வைத்து, இடத்தைக் குறித்துத் தெளிவான கட்டளை வந்தது. நிறைவேற்ற ஆள் இல்லை. இரணைதீவில் சட்டத்தின் வழியே ஒரு தவறு வந்து மக்களின் எதிர்ப்பில் நின்றது. நீராவியடியில் சரியான கட்டளை வந்து கூட்டத்தின் பலத்தில் தோற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வன்னிக்காரன், நல்ல சட்டம் எழுதினால் போதும் என்று சொல்பவரை நம்பச் சற்றுத் தயங்குவதில் பிழை இல்லை.

உடல் இல்லாத மரணம்

நாடாளுமன்றம் முழுப்பாதையும் நடந்து செய்த சட்டம் ஒன்றையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக மரணப் பதிவு 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கும். உடல் கிடைக்காத ஒருவரை, 1895 இன் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 108 ஆம் பிரிவுப்படி ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராக ஊகிக்கலாம். ஆழிப்பேரலையின்பின் அந்த ஏழு வருடம் நியாயமற்றதாகப்பட்டதால் 2005 இல் 17 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. கடல் கொண்டுபோனவர்களுக்காக வகுத்த அந்த வழியைத்தான் போர் முடிந்தபின் 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் பின்பற்றியது: வன்செயலால் காணாமற்போய் ஒரு வருடம் கடந்தால் மரணச் சான்றிதழ் பெறலாம்.

கடலுக்குப் போனவரும் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவரும் ஒன்றா? 2009 மேயில் கண்முன்னே பேருந்தில் ஏற்றி அனுப்பிய பிள்ளைக்குத் தாய், செத்தான் என்று எப்படி ஒப்பமிடுவாள்? ஒப்பமிடாவிட்டால் வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் இழுபறி. ஒப்பமிட்டால் காடாத்தும் அந்தியேட்டியும் செய்ய வேண்டும், பொட்டழிக்க வேண்டும், தேடுவதை விட வேண்டும். நிர்வாக வசதிக்காக எழுதப்பட்ட சட்டம் அவளிடம் கேட்டது ஒரு வாக்குமூலத்தை. பலர் மறுத்தார்கள்.

அந்த மறுப்பு சட்டத்தை மாற்றியது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோர் அலுவலகத்தை உருவாக்கியது. உறவினர்களுக்கு இதுவும் போதவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோவில் வாசலில் அவர்கள் உட்கார்ந்த போராட்டம் வருடங்கள் கடந்து நீண்டது. ஆனாலும் சட்டம் என்ற அளவில் ஒரு வேறுபாடு தெரிகிறது. நாடாளுமன்றச் சட்டம் திருந்த ஆறு வருடம் எடுத்தது. அமைச்சரின் ஒழுங்குவிதி திருந்தப் பத்து மாதம். பணிப்பாளரின் இடத்தேர்வு மூன்றே நாள். கீழ்ப்படியில் செய்தது சீக்கிரம் அழியும். அதே வேகத்தில் இன்னோர் ஊரின் பெயரோடு திரும்பியும் வரும். ஓட்டமாவடிக்கு அப்படித்தான் போனது. எந்த மயானத்திலும் அடக்கலாம் என்ற அனுமதி 2022 மார்ச் 5 இல்தான் வந்தது, சரியாக ஒரு வருடம் கழித்து. அதுவும் சட்டமாக வரவில்லை.

2024 இன் வாக்குறுதியும் 13 இன் பூட்டும்

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா என்று தெரிவுசெய்யும் உரிமையை உறுதிசெய்யும் சட்டம் கொண்டுவரவும் உடன்பட்டது. நல்லது. ஆனால் விடயம் மாகாண நிரலைத் தொடுகிறது. 154எ(3) ஆம் உறுப்புரையின்படி, மாகாண நிரலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டபின்பே நாடாளுமன்றம் நிறைவேற்றலாம். ஒரு சபை இணங்காவிட்டாலும், நாடு முழுவதற்கும் அது செல்ல மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை.

சபையே இல்லாவிட்டால்? இந்தக் கேள்விக்கான விடையும் வடக்கிலிருந்துதான் வந்தது. 2012 இல் வறுமை ஒழிப்புத் திட்டமான திவிநெகும பற்றிய சட்டமூலத்துக்கு, அன்று இன்னும் அமைக்கப்படாதிருந்த வட மாகாண சபைக்காக ஆளுநர் இணக்கம் தெரிவித்தார். தெரிவான சபையின் இடத்தில் ஆளுநர் நின்று இணங்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். அதன் விலையாகப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவியிழந்தார் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள்; குற்றப்பிரேரணையின் காலம் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கிறது.

உரிமைச் சட்டம் வந்தாலும், அதில் இரண்டு வரி இல்லாவிட்டால் இரணைதீவு மறுபடி நடக்கலாம். புதைக்கலாம் என்று சொல்வதோடு நிற்காமல், இறந்தவரின் ஊர் மயானத்தில் புதைக்கலாம் என்றும், புதிய இடுகாட்டைக் குறிக்குமுன் அந்தப் பிரதேச சபையின் தீர்மானம் வேண்டும் என்றும் எழுத வேண்டும். இரண்டாவது வரிக்குக் கொழும்பைக் காத்திருக்கத் தேவையுமில்லை. 2025 மேத் தேர்தலோடு உள்ளூராட்சி சபைகளுக்கு மறுபடி உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். தமது எல்லைக்குள் மயானம் பற்றி உபவிதி செய்யும் அதிகாரம் அவர்களிடம் 1987 முதல் இருக்கிறது. சபை நிறைவேற்றினால் அடுத்த ஒப்பம் மாகாண அமைச்சருடையது. மாகாண சபை இல்லாத இடத்தில் அந்த அமைச்சரும் இல்லை. கோப்பு ஆளுநரின் மேசைக்குப் போகும்.